லோலா ஆன்ட்டிக்கு ஒரு தட்டு

லோலா ஆன்ட்டி என்ற பெயரைக் கேட்டாலே குமுதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு வயது மகள் ரூபினி வாயைத் திறந்தால் அந்தப் பேச்சுதான். லோலா ஆன்ட்டி சோறு ஊட்டினாராம். ரெட்டைச் சடை போட்டாராம். கத்தவே மாட்டாராம்.

யார் இந்த மகராசி? குமுதா பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்குப் போனபின் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது ஜெலுத்தோங் ஃபிளாட்டின் கீழ்வீட்டு ரொஸ்னா. அவளிடமே கேட்டுவிட்டாள்.

ரொஸ்னா விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்படி யாரும் இல்லலா அக்கா! ஒங்க மவ கற்பனை பண்ணிக்கிறா."

ஆளே இல்லை என்றால் நிம்மதி வர வேண்டும் அல்லவா? குமுதாவுக்கு வயிறு இன்னும் எரிந்தது. நிஜப் பெண் என்றால் ஒரு நாளாவது தலைவலி வரும், சிடுசிடுப்பாள். இல்லாதவளிடம் என்ன குறை கண்டுபிடிப்பது?

சனிக்கிழமை மகளுக்குப் பிடித்த கோழிப் பொரியல் செய்தாள். இன்றாவது தன் கையால் ஊட்டி ஜெயித்துவிடலாம் என்று பார்த்தால், ரூபினி இன்னொரு தட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

"இது லோலா ஆன்ட்டிக்கு."

அவ்வளவுதான், குமுதாவுக்குப் பொறுக்கவில்லை. "அவ வீடு மாத்திட்டா. தாசேக் கெலுகோருக்குப் போயிட்டா. இனிமே வரமாட்டா!"

சொன்னதும் உள்ளுக்குள் ஓர் அற்பச் சந்தோஷம். ஒழிந்தாள் சனியன்.

ரூபினி அழவில்லை. தாயை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அம்மா, லோலா ஆன்ட்டி நெஜம் இல்லலா. நாந்தான் சும்மா வெளாட்டுக்குச் செஞ்சேன். ஒங்களுக்குத் தெரியாதா?"

குமுதாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. "தெரியும். அப்புறம் எதுக்குடி அவ?"

"நீங்க ஓவர்டைம் போறப்ப வெளாட. அவங்களுக்கு ஓவர்டைமே கெடையாது."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஓவர்டைமுக்கு வருவதாகக் குமுதா ஏற்கெனவே சூப்பர்வைசரிடம் தலையாட்டிவிட்டு வந்திருந்தாள்.

"நாளைக்கு நீங்க இருப்பீங்களா, இல்ல ஆன்ட்டிய வரச் சொல்லவா?" என்று கேட்டாள் ரூபினி.

குமுதா கைபேசியை எடுத்து, வர முடியாதென்று சூப்பர்வைசருக்குச் செய்தி அனுப்பினாள். அந்தத் தட்டைத் தூக்கி அலமாரியில் வைத்தாள். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

"நான் இருக்கேன். நாளைக்கு அவளுக்குத்தான் ஓவர்டைம்னு சொல்லிடு."