ஒரே கேபிளில் போகிறவை

“எல்லாரும் ஒரே நேரத்துல ஜெபம் பண்ணா, ஒருத்தரோடது இன்னொருத்தரோட கலந்துடாதாப்பா?”

தண்டலத்தில் ஆராதனை முடிந்து திரும்பும் வழியில் ஷெர்லின் இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. “கலக்காதும்மா. ஆண்டவருக்கு எல்லாம் கேக்கும். ஆனா யார்கிட்டயும் சொல்ல மாட்டார்” என்றான் அவள் அப்பா ஜெபகுமார். சொன்னதை மறந்தும் போனான். 1991 நவம்பரில், கம்பெனியின் கம்ப்யூட்டர் அறையில் உட்கார்ந்திருந்தபோது அது திரும்ப நினைவுக்கு வந்தது.

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த அந்தத் தொழிற்சாலையில் பதினோரு கம்ப்யூட்டர்களும் ஒரே கேபிளில் இணைந்திருந்தன. யார் யாருக்கு எழுதினாலும் அந்த எழுத்து எல்லா மிஷினையும் தொட்டுத்தான் போகும். தனக்கு வராததை மிஷின் விட்டுவிடும். அந்த கேபிள் லைன் மெதுவாக ஓடுவதேன் என்று பார்க்க ஜெபகுமார் ஒரு புரோகிராம் போட்டிருந்தான். அதைப் போட்ட மிஷின் எதையும் விடாது, எல்லாவற்றையும் பிடித்துவைத்துக்கொள்ளும். நிர்வாக மேனேஜர் பரசுராமன் வந்தபோது, “இங்க உக்காந்துகினே யார் இன்னா டைப் பண்றாங்கன்னு சொல்லலாம் சார்” என்று பெருமையடித்துவிட்டான். அந்தப் பெருமைதான் அவனை மாட்டிவிட்டது.

மறுநாளே உத்தரவு வந்தது. கம்பெனி பொருள் வாங்கும் விலை வெளியே கசிகிறது. யார் என்று தெரியும்வரை லைனில் போவதையெல்லாம் அச்சடித்து, தினமும் ஐந்து மணிக்கு அவர் மேசையில் வைக்க வேண்டும். ஜெபகுமாரை நிரந்தரமாக்கும் ஆர்டரும் கையெழுத்தாகாமல் அதே மேசையில்தான் கிடந்தது.

மூன்று நாள் ஸ்டாக் விவரமும் சினிமாப் பேச்சுமாகப் போயின. நான்காம் நாள் காலை பிரிண்டரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஸ்டோர்ஸ் காந்திமதி, ஷிப்ட் போடும் டைம் ஆபீஸ் அமலாவுக்கு ஆங்கில எழுத்தில் தமிழாக எழுதியிருந்தாள்.

“அக்கா, மார்ல கட்டிக்கு காஞ்சிபுரம் கேன்சர் ஆஸ்பத்திரில கரண்ட் வெக்கணும்னு சொல்ட்டாங்க. ஆறு வாரம், தினம் காலைல. எனக்கு செகண்ட் ஷிப்டே போட்டுக் குடுங்க. யாருக்கும் தெரிய வாணாம். தெரிஞ்சா பர்மனன்ட் பண்ணாம அனுப்சிடுவாங்க.”

கம்ப்யூட்டர் அறைக்குத் தூசி ஆகாதென்று எல்லாரும் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் வருவார்கள். வெளியே கிடக்கும் ஜோடியை வைத்தே உள்ளே யார் என்று சொல்லிவிடலாம். போன மாதம் அடைமழையில் ஜெபகுமாரின் செருப்பு வார் அறுந்துவிட்டது. ஸ்டாக் சீட்டு கொடுக்க வந்த காந்திமதி, போகும்போது குனிந்து, தன் தோளிலிருந்த ஊக்கைக் கழற்றி வாரைச் சேர்த்துக் குத்திவிட்டு, முந்தானையைக் கையால் பிடித்தபடி நடந்தாள். கண்ணாடி வழியே அவன் பார்த்ததை அவள் அறியமாட்டாள்.

பதினொரு மணிக்குப் பரசுராமன் காலுறையோடு உள்ளே வந்தார்.

“இன்னாய்யா, மீன் மாட்டிச்சா?”

“நீங்க தேடறது வரல சார்.”

“வேற இன்னா வந்துச்சு?”

ஜெபகுமார் பொய் சொல்லிப் பழகாதவன். “மத்தவங்க சொந்த விஷயம் சார். அது வாணாமே.”

“சொந்த விஷயத்த வூட்ல வெச்சிக்கட்டும். கம்பெனி ஒயர்ல எதுக்கு வருது? உனக்கு பாதிரியார் வேலைக்கா சம்பளம் குடுக்கறோம்? அஞ்சு மணிக்கு எல்லாம் வரணும். இல்லன்னா உன் ஆர்டர் டிராயருக்குள்ள போயிடும்.”

கதவு சாத்திக்கொண்டது. கடிதத்தைக் கொடுத்தால் காந்திமதிக்கு வேலை போகும். ஒளித்தால் நாளைக்கே அவள் மறுபடி எழுதுவாள். அவளை எச்சரிக்கலாமென்றால், உன் கடிதத்தைப் படித்தேன் என்று எந்த முகத்தோடு சொல்வது?

சாப்பாட்டு மணி அடித்தது. எல்லாரும் கேன்டீனுக்குப் போனபின் வெளியே ஊக்கு குத்திய ஜோடி மட்டும் கிடந்தது. அலமாரியில் உபரியாக இருந்த நெட்வொர்க் கார்டை எடுத்து மெயின் மிஷினில் சொருகினான். கேபிளை இரண்டாகப் பிரித்தான். ஸ்டோர்ஸும் டைம் ஆபீஸும் இனி தனிக் கேபிளில். அங்கே போகும் எழுத்து இவன் மிஷின் பக்கம் வராது. லைனும் வேகமாகும். செய்ததை ஐந்து மணிக்கு மேனேஜரிடம் அப்படியே சொல்லிவிடுவதென்று தீர்மானித்தான். சொல்லவும் செய்தான். அந்த ஆர்டர் டிராயரை விட்டு வெளியே வர ஒன்றரை வருஷம் ஆயிற்று.

டிஸ்கில் சேர்ந்திருந்ததை அழித்தான். அச்சான தாளைக் கிழித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, செருப்பை மாட்டி, கேன்டீனுக்குப் பின்புறம் போனான். சமையல்காரர்கள் உள்ளே பரிமாறிக்கொண்டிருந்தார்கள். பெரிய அடுப்பில் தணல் இருந்தது. தாள் சுருண்டு கறுத்து அடங்கும்வரை அங்கேயே நின்றான். காந்திமதியின் பெயரைச் சொல்லி மனதுக்குள் ஒரு வரி ஜெபித்துவிட்டு, கை கழுவப் போனான்.