கிராப் தாளின் பின்பக்கம்

காலை பத்து மணி ஐந்து நிமிடம். ஆண்டு விழாக் கண்காட்சிக்குப் பெற்றோர் வர இன்னும் இருபத்தைந்து நிமிடம் இருந்தது.

சுகாசினி கடைசிப் படத்தைக் கயிற்றில் மாட்டினாள். எல்லாப் படங்களிலும் பெயர் இருந்த மூலையை வெட்டியிருந்தாள்.

தாளாளர் இளங்கோவன் கூடத்தின் வாசலில் நின்றபடி கேட்டார்.

"நாப்பதும் வந்துடுச்சாம்மா?"

"வந்துடுச்சு சார்."

"இத்தன நாளா அலமாரில பூட்டி வெச்சிக்கினு இருந்தியே. டிராயிங் மிஸ் அடை காக்கறாங்கன்னு ஸ்டாஃப் ரூம்ல ஒரே சிரிப்பு."

அவள் டிராயிங் மிஸ் இல்லை. மனம் நொந்த பிள்ளைகளைத் தனியறையில் ஒவ்வொருவராக உட்கார வைப்பாள். படம் வரையவோ களிமண் பிசையவோ விடுவாள். வாயால் சொல்ல முடியாதது கை வழியே வெளியே வரும். அந்தச் சிகிச்சையைச் சென்னையில் இரண்டு வருடம் படித்திருந்தாள். இந்தப் பள்ளியில் பதினொரு மாத ஒப்பந்தம். மார்ச்சில் முடிகிறது.

வேறு இடங்களில் கேட்டுப் பார்த்தாள். ஆலோசகர் வேலைக்கு உளவியல் பட்டம் வேண்டும் என்றார்கள். சிறப்புக் குழந்தைகளுக்கான ஒரு பள்ளியில் பேச்சுப் பயிற்சி தெரியுமா என்றார்கள். இன்னொரு பள்ளியில் யோகா வகுப்பையும் பார்த்துக்கொண்டு, மாலையில் பிள்ளைகளை வேனில் ஏற்றிவிட முடியுமா என்று கேட்டார்கள்.

போன வாரம் இளங்கோவன் ஒரு வழி சொன்னார். ஜூனிலிருந்து நிரந்தரம். ஓவிய ஆசிரியை. வாரம் இருபத்தெட்டு பீரியட். தனியறை கிடையாது. ஆனால் நிர்வாகக் குழு அவள் வேலையைக் கண்ணால் பார்க்க வேண்டும். கண்காட்சிக்கு நாற்பது படம்.

அறையில் வரைந்ததை வெளியே காட்டக் கூடாது. அவள் தொழிலில் அதுதான் முதல் விதி. வகுப்புகளில் வரைந்த பூவும் கோபுரமுமாக முப்பத்தொன்பது தேறின. நாற்பதாவதாக, ஆறாம் வகுப்பு சங்கரியின் படத்தை அலமாரியிலிருந்து எடுத்தாள்.

சங்கரி தீபாவளியிலிருந்து பள்ளியில் யாரிடமும் பேசுவதில்லை. வாராவாரம் ஒரே படம். ஒரு குழித்தறி, நெய்கிறவர் காலை இறக்கி உட்காரத் தரையில் வெட்டிய குழியோடு. குழியில் ஒரு பெண், கன்னத்தில் மச்சம். பக்கத்தில் ஒரு சாப்பாட்டுத் தட்டு. ஓரத்தில் ஏதோ ஒரு கட்டை. தறியின் பாகமாக இருக்கும் என்று சுகாசினி நினைத்தாள். சுகாசினியின் சொந்த ஊரான முசரவாக்கத்தில் அவள் வீட்டிலோ தெருவிலோ தறி கிடையாது. யாரோ ஒரு பெண் நெய்கிறாள். இந்த ஊரில் தறி வரையாத பிள்ளை யார்? பெயரை வெட்டிவிட்டால் யாருக்குத் தெரியும்?

பத்தரைக்குக் கூடம் நிறைந்தது.

சங்கரியின் அப்பா குமரகுரு வந்தார். நெற்றியில் திருநீறு, சட்டைப் பையில் சிவப்புப் பென்சில். சேலைகளுக்கு டிசைன் போடுகிறவர். கூடவே அவர் தெருக்காரர் துரைக்கண்ணு.

நாற்பதாவது படத்தின் முன் துரைக்கண்ணு நின்றார்.

"என்னாபா இது? பாவு நூலே ஏத்தாத தறில உக்காந்துக்கினு எதை நெய்யுது இந்தப் பொண்ணு?" உரக்கச் சிரித்தார். "அதுவும் தறிக்கு முதுகைக் காட்டிக்கினு. நம்ம ஊருப் புள்ளை வரைஞ்சதா இது? தறியே பாக்காத புள்ளையா இருக்கும்."

குமரகுரு படத்தில் இருந்த மச்சத்தைப் பார்த்தார்.

"தா பாரு, கதவுத் தாழ்ப்பாளை வெளிப்பக்கம் போட்டு வெச்சிருக்குது." துரைக்கண்ணு இன்னும் குனிந்தார். "மச்சம் வேற. உன் பெரிய பொண்ணு ஜாடை அப்டியே இருக்குதுபா. காயத்ரி இன்னும் சேலத்துலதான் இருக்குதா? காலேஜே வாணாம்னு நிறுத்திட்டியாமே?"

"மாமா ஊட்ல இருக்குது," என்றார் குமரகுரு.

அவர் தாளைக் கயிற்றிலிருந்து எடுத்துத் திருப்பினார். பின்பக்கம் முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள். டிசைன் போடும் கிராப் தாள். அதில் சிவப்புப் பென்சிலில் பாதி முடிந்த ஓர் அன்னம். வீட்டில் வீணான தாள்களைத்தான் சங்கரி படம் வரையக் கொண்டுவருவாள். மூலையை வெட்டியபோது சுகாசினி பின்பக்கத்தைப் பார்க்கவில்லை.

இப்போது பார்த்தாள். ஓரத்தில் இருந்த அந்தக் கட்டை தறியின் பாகம் இல்லை, வெளியே போட்ட தாழ்ப்பாள். காயத்ரி சேலத்தில் இல்லை, அந்தத் தாழ்ப்பாளுக்கு உள்ளே இருக்கிறாள்.

துரைக்கண்ணு அடுத்த படத்துக்கு நகர்ந்துவிட்டார். கூடத்தின் மறுகோடியில் ஆறாம் வகுப்பு வரிசை. சங்கரி தன் அப்பாவின் கையிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குமரகுரு சுகாசினியிடம் வந்தார். மரியாதையாகவே கேட்டார்.

"மிஸ், இது எங்க சங்கரி வரைஞ்சதுங்களா?"

"ஆமாங்க."

"அதுவா வரைஞ்சுதா? நீங்க சொல்லிக் குடுத்தீங்களா?"

பக்கத்தில் வந்த இளங்கோவன் சிரித்தார். "டிராயிங் மிஸ் சொல்லிக் குடுக்காம வேற யாருங்க சொல்லிக் குடுப்பாங்க? ஜூன்லேர்ந்து பர்மனெண்ட் ஆவுறாங்க, தெரியுமா?"

நாலு மணிக்கு மணி அடித்ததும் சங்கரி குமரகுருவின் வண்டியில்தான் வீட்டுக்குப் போவாள்.

"நான்தாங்க சொல்லிக் குடுத்தேன்," என்றாள் சுகாசினி. "தறி, குழில ஒரு பொண்ணு, வெளியே தாழ்ப்பாள். எல்லாம் நான் சொன்னது. அவ கேட்டு வரைஞ்சா, அவ்ளோதான்."

"பாத்தீங்களா?" என்றார் இளங்கோவன். வேறு யாரோ கூப்பிட, போனார்.

குமரகுரு தாளைக் கட்டத்தின் கோட்டோடு கோடாக மடித்தார். மறுபடி மடித்தார். சட்டைப் பையில் பென்சிலுக்குப் பின்னால் வைத்தார். வரிசையில் நின்ற மகளை ஒரு முறை பார்த்தார். பிறகு ஒரு அடி நெருங்கி வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அப்ப உங்களுக்கு யாரும்மா சொன்னது?"