ஸ்பேசருக்கு அளவு சொன்ன பட்டூரா மாவு

சுபாஷிணியின் காருக்குப் பெரிய பிரேக் போட்டதிலிருந்து அவள் கணவன் ஜெயகிருஷ்ணனுக்கு ஒரே ஆசை: முன்சக்கரங்கள் இரண்டும் பயில்வானின் தோள்போலப் புடைத்து நிற்க வேண்டும். நல்ல சாக்கும் கிடைத்தது. டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் இப்போது பருமன். சக்கரத்தின் ஆரங்கள் அதை உரசாத குறையாகச் சுற்றின. ஸ்பேசர் என்னும் உலோக வில்லையை உள்ளே வைத்து, சக்கரத்தைச் சற்று வெளியே தள்ளியாக வேண்டும்.

“இருபது மில்லிமீட்டர் கனத்துல போட்டுடலாம், சுபா.”

“டயர் மட்கார்டுல உரசும். பேரிங் சீக்கிரம் போகும். தினமும் ஏர்போர்ட்டுக்கு ஓட்டிட்டுப் போறது நானா, நீயா? எவ்வளவு வேணும்னு மாவு சொல்லும். அதுக்கு மேல போட்டா சாவி உன் கைக்கு வராது.”

காலிப்பரின் மேல் மாவை அப்பி, சக்கரத்தை மாட்டிக் கையால் சுற்றினால், ஆரம் நசுக்கிய இடத்தில் எஞ்சும் மாவின் கனம்தான் இடைவெளி. பிரேக் சூடேறினால் உலோகம் விரியும். அதனால் மூன்று மில்லியாவது வேண்டும். சுபாஷிணி கொடுத்த உருண்டையை வைத்து, டெல்லி துவாரகாவில் அவர்கள் குடியிருந்த சொசைட்டியின் பார்க்கிங்கில் ஜெயகிருஷ்ணன் சோதித்தான். மாவு அப்பளத்தைவிட மெலிசாக நசுங்கியிருந்தது. உள்ளூரக் குதூகலித்தான். இதைக் காட்டினால் ஸ்பேசர் விற்கும் கடைக்காரரே இருபது என்று சொல்லிவிடுவார்!

மாவை அப்படியே டப்பாவில் மூடினான்.

“வாங்கறதுக்கு முன்னாடி வீடியோ கால் பண்ணு,” என்றாள் சுபாஷிணி.

வெயிலில் நடந்து, மெட்ரோ பிடித்து, மறுபடி வெயிலில் நடந்து கரோல் பாக் கடைக்குப் போனான். கடைக்காரர் இருபது மில்லி வில்லையைக் கையில் எடுத்தபோதுதான் அவளை அழைத்து, டப்பாவைத் திறந்தான். மாவு சோம்பல் முறித்து எழுந்ததுபோல உப்பியிருந்தது.

“சோலே எங்கே, பாய்சாப்?” என்று, பட்டூராவுக்குத் தொட்டுக்கொள்ளும் கொண்டைக்கடலை மசாலாவை ஹிந்தியில் கேட்டார் கடைக்காரர்.

“அச்சா! கட்டை விரல் கனம் இருக்கே,” என்றாள் சுபாஷிணி. “ஸ்பேசரே வேண்டாம். கிளம்பி வா.”

“ஐயோ, காலையில அப்பளமாட்டம் இருந்துச்சு! என்ன மாவு இது?”

“பட்டூராவுக்குத் தயிர் விட்டுப் பிசைஞ்சது. இந்த வெயில்ல பொங்காதா?”

“வீட்டுல சப்பாத்தி மாவு இல்லையா?”

“இருந்துச்சே.” முகத்தில் சிரிப்பு துளிகூட இல்லை. “மாவு வேண்டாங்குது. இல்லைன்னா, எவ்வளவு வேணும்னு நீயே நியாயமா சொல்லு.”

வெறுங்கையோடு திரும்புவதா? ஸ்பேசரே இல்லாமல் ஓட்டினால் சக்கரம் காலிப்பரில் உரசும் என்பதைக் கண்ணால் பார்த்தவன் அவன் ஒருவன்தான். இருபது மில்லி வில்லையை ஒருமுறை ஏக்கத்தோடு பார்த்தான்.

“மூணு போதும்.”

“கேக்கல.”

“மூணு மில்லி போதும்!”

“ஸ்பேசரோட நடு ஓட்டை, சக்கரம் மாட்டற நம்ம ஹப்புல ஆடாம உக்காரணும், பார்த்து வாங்கு. சக்கரம் வெளிய வர்ற அளவுக்கு நீளமான போல்ட்டும் கேளு. அப்புறம், வர்ற வழியில சோலே வாங்கிட்டு வா. மிச்ச மாவு இங்க இன்னும் ஜோரா உப்பிட்டிருக்கு.”