சப்பரத் தண்டு

செபஸ்தியானின் வலது கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டியிருந்த துணியை நாட்டாண்மை கண்ணெடுக்காமல் பார்த்தார். வியாகுலம்மாள் புருஷனுக்கு முன்னால் வந்து நின்றாள். மாதா சப்பரம் புறப்பட இன்னும் கொஞ்ச நேரந்தான் இருந்தது.

போன வாரம் பொன்மலைப் பட்டறைக்கு வேலைக்குப் போகும்போது சைக்கிளிலிருந்து விழுந்து அவள் புருஷனுக்குத் தோள்மூட்டு நழுவிவிட்டது. இழுத்துப் பொருத்திய டாக்டர், இன்னொரு தரம் நழுவினால் சுத்தியல் பிடிக்கிற பிழைப்பையே மறந்துவிட வேண்டியதுதான் என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்.

நாட்டாண்மை காதில் அதெல்லாம் ஏறவில்லை. மேலத்தெருக்காரன் தோள்தான் சப்பரம் தூக்கும் தண்டில் படவேண்டுமாம், அது பாட்டன் காலத்து ஏற்பாடாம். இந்த வருஷம் ஓர் ஆள் குறைகிறது. குறைந்தால் கீழத்தெரு ஆளைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று பங்குச் சாமியார் சொல்லிவிட்டாராம்.

"கட்ட அவுரு செபஸ்தி. அவனுவ தோளு பட்டுச்சுன்னா அப்புறம் நாம தல நிமுந்து நடக்க முடியுமா?"

"பெரியப்பா, அவர் கை போயிட்டா எங்க அடுப்புக்கு யாரு பதில் சொல்றது?" என்றாள் வியாகுலம்மாள்.

மாதா பார்த்துக்கொள்வாள் என்றார் அவர். பாழாய்ப்போன மானம்! செபஸ்தியான் கட்டைத் தானே அவிழ்த்தான்.

பவனியில் எல்லோரும் மாதாவைப் பார்த்து நடந்தார்கள். வியாகுலம்மாள் மட்டும் புருஷன் முகத்தைப் பார்த்து நடந்தாள். முதல் முக்கில் அவன் உதடு வெளுத்தது. அடுத்த முக்கில் சப்பரம் திரும்பியபோது மளுக்கென்று ஒரு சத்தம். அவன் சுருண்டு விழுந்தான். சப்பரம் சாய்ந்தது. ஓரமாக மெழுகுவத்தியோடு நின்ற கீழத்தெரு அற்புதசாமி பாய்ந்து வந்து, செபஸ்தியான் தலைமேல் இறங்கவிருந்த தண்டைத் தோளில் ஏந்திக்கொண்டான்.

அவனும் ஞானஸ்நானம் வாங்கியவன்தான். ஆனாலும் மறுவாரமே அவன் தோள் பட்ட தண்டு தீட்டென்று கழற்றி எறிந்துவிட்டுப் புதுத் தேக்கில் தண்டு போட்டார்கள். அதற்குத் தெருவே வரி கொடுத்தது. செபஸ்தியானின் கையைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை. சட்டை மாட்டக்கூட அது எழும்பவில்லை.

கோவிலுக்குப் பின்னால் கிடந்த பழைய தண்டை வியாகுலம்மாள் பட்டப்பகலில் நடுத்தெருவில் இழுத்து வந்தாள். வாசலில் போட்டுப் பிளந்தாள். புருஷனுக்கு ஒத்தடம் கொடுக்க அந்த விறகில்தான் வெந்நீர் காய்ந்தது. நாட்டாண்மை எதிர்வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். செபஸ்தியானைப் பார்க்க வந்த அற்புதசாமி படியேறத் தயங்கினான்.

"உள்ள வாங்க தம்பி" என்றாள் அவள், தெருவுக்கே கேட்கும்படி. "காப்பி போடுறேன். தண்டு நல்லா எரியுது."