நிமிக்காக வாங்கிய வாத்துக்குஞ்சுகள்

1

கம்பம்மெட்டில் பஸ்ஸுக்காக நின்றபோது ஓர் அம்மாள் அட்டைப்பெட்டியில் வாத்துக்குஞ்சுகள் வாங்கிப் போவதைப் பார்த்தேன். எப்படி வளர்ப்பது என்று விற்றவரிடம் அவர் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. கதையில் உண்மை இவ்வளவுதான். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

2

பொழுது புலர்ந்தபோது ஏலமலையின் பனிக்குள் மஞ்சள் மஞ்சளாய்...

(அடித்துவிட்டேன். இப்படித் தொடங்கும் கதைகளை நானே படிப்பதில்லை.)

அந்த அம்மாளுக்கு அன்னாள் என்று பெயர் வைத்தேன். ஏலத்தோட்டத்தில் வேலை. கணவர் இன்னாசிராஜ். மகன் ஜிஜோ கட்டியது நிமியை, தண்ணீர் சூழ்ந்த குட்டநாட்டுப் பெண். வாத்துகளோடு வளர்ந்தவள். அவள் ஆசையாக வாத்துக்கறி வைத்த அன்று அன்னாள் சொன்னாள்: "இந்தக் கவிச்சியெல்லாம் ஒங்க ஊரோட வச்சுக்கோ."

அந்தக் கோபத்தில் மகனும் மருமகளும் கட்டப்பனைக்குக் குடிபோனார்கள். இப்போது நிமி மாசமாக இருக்கிறாள். வாய்விட்டு மன்னிப்புக் கேட்க அன்னாளுக்கு வராது. வாத்து வளர்த்துக் கொடுத்தால் புரிந்துகொள்வாள் என்று நினைத்தாள்.

(இவ்வளவு வீம்புக்காரி இருப்பாளா என்று சந்தேகம் வந்தது. சொந்தபந்தங்களை ஒரு சுற்று நினைத்துப் பார்த்தேன். சந்தேகம் போய்விட்டது.)

3

குருணையைக் குழைய வேகவைத்து, கீரை நறுக்கிப் பிசைந்து வைத்தாள். குஞ்சுகள் தட்டிலேயே ஏறி நின்று தின்றன.

"நமக்குக் கோழிதான் பழக்கம். நிமிகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கோ" என்றார் இன்னாசிராஜ்.

"வாத்துக்குத் தண்ணி காட்ட அவகிட்டப் பாடம் படிக்கணுமாக்கும்."

மீன்குஞ்சுக்கு நீச்சல் கற்றுத்தர வேண்டுமா என்பார்கள். நானும் அதை நம்பினேன். அன்னாள் பேசினில் தண்ணீர் நிரப்பிக் குஞ்சுகளை விட்டதையும், அவை நீந்திய அழகையும் அரைப் பக்கம் எழுதினேன். அப்புறம்தான் விசாரித்தேன். தாய்வாத்தோடு வளராத குஞ்சின் தூவியில் எண்ணெய்ப்பசை இருக்காதாம். தண்ணீர் ஊறி விறைத்துவிடுமாம். மலைக்குளிரில் கேட்கவே வேண்டாம்.

அந்த அரைப் பக்கத்தைக் கிழித்திருக்கலாம். ஆனால் நிமிக்குத் தெரிந்தது அன்னாளுக்குத் தெரியாதே. அவள் எப்படியும் தண்ணீரில்தான் விட்டிருப்பாள்.

சாயங்காலம் ஒவ்வொன்றாகத் தலை சாய்ந்தன. அன்னாள் முந்தானையால் துடைத்துத் துடைத்து அடுப்போரம் வைத்தாள். எழுதவே கஷ்டமாக இருந்தது.

4

நிமி தற்செயலாக வந்து காப்பாற்றுவதாக ஒரு முடிவு எழுதினேன். சினிமாத்தனம். எல்லாம் செத்து, அன்னாள் யாருக்கும் தெரியாமல் புதைப்பதாக இன்னொன்று. அதை என்னாலேயே தாங்க முடியவில்லை. ஒரு குஞ்சை மட்டும் உயிரோடு விட்டேன்.

இன்னாசிராஜ் நிமிக்கு போன் போட்டு நீட்டுகிறார். "இந்த ஒண்ணாச்சும் பொழைக்கட்டும். கேளு."

"என்னன்னு கேப்பேன்? ஒனக்குன்னு வாங்குனதக் கொன்னுட்டேன்னா?"

நிமி எடுத்துவிட்டாள். "அப்பச்சா..." இன்னாசிராஜ் போனை அன்னாள் கையில் திணித்தார். "அம்மச்சியா? எந்தா, பேசுங்க."

அன்னாள் வாயைத் திறந்து,

(இங்கே பல வாக்கியங்கள் எழுதி அழித்தேன். எல்லாம் என் பேச்சாக இருக்கிறதே தவிர அவள் பேச்சாக இல்லை. கோபித்துப் போனவர்களிடம் முதலில் பேசிப் பழகியவர் நீங்கள் என்றால், அவள் சொல்ல வேண்டியதைச் சொல்லிக் கொடுங்கள். சீக்கிரம். குஞ்சு கண்ணை மூடுகிறது.)