உப்புத் துரு

சட்டையின் முதுகுப் பக்கத்தைக் கத்தரியால் நீளவாக்கில் வெட்டி, அப்பாவின் விறைத்த கைகளை ஒவ்வொன்றாக அதற்குள் நுழைத்துக்கொண்டிருந்தாள் செலின். பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணம் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தாள். கழுத்தில் ஒரு வெள்ளைத் துண்டைச் சுற்ற வேண்டியிருந்தது. தொண்டையில் வந்த புற்று கடைசியில் வெளியிலும் உடைந்துவிட்டிருந்தது.

அப்போதுதான் தம்பி கிறிஸ்துராஜ் குனிந்து, கட்டிலுக்கு அடியிலிருந்த நீளமான சாக்குப் பொட்டலத்தை இழுத்தான். பெங்களூரிலிருந்து காலை வண்டியில் வந்தவன். அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுத ஈரம் முகத்தில் இன்னும் காயவில்லை.

"இப்ப எதுக்குடா அது?" என்றாள்.

"மணவாளன வரச் சொல்லிக்கீறேன்க்கா. மவுண்ட் ரோட்ல துப்பாக்கிக் கடைல கீறான்ல, அவன்தான். சவப்பெட்டி வர்றதுக்குள்ள பாத்துட்டு, தேறுமா தேறாதான்னு சொல்லிடுவான். நாளைக்கே நான் கெளம்பணும்."

பஞ்சவர்ணம் செலினின் முகத்தைப் பார்த்தாள். செலின் சட்டைப் பொத்தான்களைப் போட ஆரம்பித்தாள்.

செலினின் அப்பா செபாஸ்டியன். அவருடைய தகப்பனார், காட்டு இலாகா வெள்ளைக்காரர் ஒருவரிடம் சமையல்காரராக இருந்தவர். துரை கப்பலேறும்போது கொடுத்துவிட்டுப் போன இரட்டைக் குழல் துப்பாக்கி அது. ஆவடி பேக்டரியில் கிரேன் ஓட்டிய செபாஸ்டியன், ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு சைக்கிளில் அயனம்பாக்கம் ஏரிக்குப் போவார். மத்தியானம் சேக்காட்டிலுள்ள வீட்டில் காட்டு வாத்துக் குழம்பு மணக்கும். பறவை சுடக்கூடாது என்று சட்டம் வந்த பிறகும் துப்பாக்கியை விடவில்லை. லைசன்ஸைத் தவறாமல் புதுப்பித்தார். எலெக்‌ஷன் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, முடிந்த மறுநாளே போய் வாங்கி வருவார். மனைவி செத்த பிறகுதான் அதைத் துடைப்பதை நிறுத்தினார். தோட்டாவைத் தட்டும் குதிரை இறுகிப்போய் விசை அசையாமல் கிடந்தது.

போன கிறிஸ்துமஸுக்கு கிறிஸ்துராஜ் வந்திருந்தபோது, கரகரத்த குரலில் அவரே கேட்டார். "அத்த சரி பண்ணிக் குடுடா. ஒரே ஒரு தபா சுட்டுப் பாக்கணும்." அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. பொங்கலுக்கு வந்து எடுத்துப் போகிறேன், புதுத் தோட்டாவும் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் போன சில நாளில், கஞ்சிக் கிண்ணத்தோடு அறைக்குள் நுழைந்த செலின் வாசலிலேயே நின்றுவிட்டாள். அப்பா கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். துப்பாக்கியை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி, குழலின் வாயில் தாடையை வைத்துக் கண்ணை மூடியிருந்தார். தையல்காரனுக்கு அளவு கொடுக்கிறவர் மாதிரி அவ்வளவு அமைதியாக. கண் திறந்து அவளைப் பார்த்ததும் துப்பாக்கியை மெதுவாகப் படுக்கையில் சாய்த்தார். அவள் கிண்ணத்தை வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

தம்பியிடம் சொல்ல முடியவில்லை. நம்பமாட்டான், நம்பினால் அப்பாவிடமே கேட்டுவிடுவான். துப்பாக்கியைத் தொலைத்துவிடவும் முடியாது, போலீஸ் வரும். மறுநாள் அவர் மருந்து மயக்கத்தில் தூங்கும்போது அதைப் பின்கட்டுக்கு எடுத்துப் போனாள். கல்லுப்பைத் தண்ணீரில் கரைத்து இரண்டு குழலிலும் ஊற்றி, துணியால் அடைத்து, குளியலறைச் சுவரோரம் நிறுத்திவைத்தாள். பிறகும் பலமுறை அப்படிச் செய்தாள். பொங்கலுக்கு கிறிஸ்துராஜ் வரவில்லை, லீவு கிடைக்கவில்லை.

மணவாளன் வந்ததும் அவனும் கிறிஸ்துராஜும் பின்கட்டில் துணி துவைக்கும் கல்லின் மேல் சாக்கை விரித்தார்கள். முன்னறையில் பெண்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். எண்ணெய் கேட்டதால் செலின் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டுபோனாள்.

மணவாளன் துப்பாக்கியை மடக்கித் திறந்தான். கம்பியில் துணி சுற்றி, எண்ணெயில் தோய்த்துக் குழலுக்குள் விட்டு இழுத்தான். செங்கல் குழம்பு மாதிரி ஒன்று துணியோடு வழிந்தது. வெயில் பக்கமாகக் குழலைத் தூக்கி ஒற்றைக் கண்ணால் பார்த்தான்.

"மரக்கட்ட சூப்பரா கீது மச்சான். பூ வேலைலாம் கையால செதுக்குனது. குதிரைய ரெண்டு நாள்ல சரி பண்ணிடலாம். ஆனா குழல் பூட்ச்சி. உள்ள அம்மத் தழும்பு மாரி குழி குழியா கீது."

"சொரண்டி எடுத்தா?"

"தகடு மெலிஞ்சி பூடும். சுட்டா மூஞ்சிலயே வெடிக்கும். இத்த சரி பண்றது வேஸ்ட்டு. ஸ்டேஷன்ல குட்த்துட்டு வந்துடு." துணியை முகர்ந்து பார்த்துவிட்டு, "இது சும்மா கெடந்ததால வந்த துரு இல்ல. உப்புத் தண்ணி பட்ட துரு" என்றான்.

கிறிஸ்துராஜ் நிமிர்ந்தான். "உப்புத் தண்ணி எப்டிக்கா பட்டுது?"

"எங்கனா செவுத்து ஓதம் ஏறியிருக்கும்."

"ஓதமா? கட்டில் அடிலயா?" அவன் குரல் உயர்ந்தது. "எண்ணெ போட்டுத் தொடச்சி வெக்கக்கூட உனக்கு நேரம் இல்லியா? சாவப்போற மனுசன் வாயத் தொறந்து கேட்டது இது ஒண்ணுதான். அதையும் பாழாக்கிட்டியேக்கா."

இரவும் பகலும் அந்தத் தொண்டையைக் கழுவிக் கழுவி வெந்துபோயிருந்த தன் விரல்களைச் செலின் புடவைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள். "பெட்டி வந்துடுச்சு போல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பெட்டி வந்திருக்கவில்லை. அப்பாவின் தலைமாட்டில் நின்று ஈயை விரட்டினாள்.

அவள் செய்தது இவருக்குத் தெரிந்துவிட்டிருந்தது. மாசி மாதத்தில் ஒரு நாள், துப்பாக்கியை எடுத்துத் தரச் சொல்லிச் சைகை காட்டினார். மறுக்க முடியாமல் கொடுத்தாள். அதைத் திறந்து, குழலைக் கதவு வெளிச்சத்துக்குத் தூக்கி, மணவாளன் பார்த்ததைப் போலவே பார்த்தார். விரலை உள்ளே விட்டு நாக்கில் வைத்தார். பிறகு அவளைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அவள் தயாராக இருக்கவில்லை. கோபம் வந்திருந்தால் தாங்கியிருப்பாள்.

அன்றிலிருந்து அவளிடம் பேசவில்லை. அவள் கையால் கஞ்சி குடிக்கவில்லை. பஞ்சவர்ணம் ஊட்டினால் குடித்தார். பஞ்சவர்ணத்திடம் மட்டும் காற்றுக் குரலில் ஏதாவது சொல்வார். புண்ணைக் கழுவ செலின் குனியும்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். வலி பிடுங்கிய நாட்களில்கூட அவள் கையைப் பிடிக்கவில்லை, கட்டில் சட்டத்தைத்தான் பிடித்தார். பாவத்துக்குப் பயந்து செய்தாளா, ஊர் வாய்க்குப் பயந்தா, இல்லை அவரும் போய்விட்டால் இந்த வீட்டில் தனக்கு யார் என்று நினைத்தா? அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. அவருக்கு அவள் கொடுத்தது இன்னும் நாலு மாத வலி.

சாயந்திரம் கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டுவிட்டு எல்லோரும் திரும்பினார்கள். ஸ்டேஷனில் ஒப்படைக்க, கிறிஸ்துராஜ் சாக்குப் பொட்டலத்தோடு மணவாளனின் ஸ்கூட்டரில் பின்னால் ஏறினான். ஏறியவன் இறங்கி வந்தான்.

"கடைசில இத்தப் பத்தி எதுனா கேட்டாராக்கா?"

"இல்லடா. மறந்துட்டாரு."

"என்னப் பத்தி?"

"உன்னக் கேட்டுக்கினே இருந்தாரு."

அவன் உதடு கோணியது. அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போய் வண்டியில் ஏறிக்கொண்டான்.

செலின் அறைக்குள் வந்தாள். குரல் இருந்த நாட்களில் அப்பாவின் அலறல் தெருவுக்குக் கேட்கக் கூடாதென்று சாத்திய ஜன்னல் அப்படியே இருந்தது. மரம் ஊதிப் பிடித்துக்கொண்டிருந்தது. உள்ளங்கையால் அடித்தாள். இன்னும் ஓங்கி அடித்தாள். ஜன்னல் கதவு பிய்த்துக்கொண்டு திறந்தது.

தெருவில் சாமியானாவை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். பஞ்சவர்ணம் மடக்கு நாற்காலிகளை ஒவ்வொன்றாக மடக்கிச் சுவரில் சாய்த்துக்கொண்டிருந்தாள்.