மூடாமல் விட்ட டிஸ்க்

வலது முட்டியின் ஸ்கேனை இடது முட்டி என்று குறித்து அனுப்பியது யார் என்று திங்கட்கிழமை பதினோரு மணிக்கு ஸ்கேன் அறையில் விசாரணை. கத்தி வைப்பதற்கு முன்பே டாக்டர் கண்டுபிடித்ததால் நோயாளி தப்பித்தார். என் பன்னிரண்டு வருட வேலை தப்புமா என்பதுதான் பாக்கி.

வியாழனன்று நான் ஸ்கேன் அறையிலேயே இல்லை, பல் பிடுங்கப் போயிருந்தேன். என் இடத்தில் நின்றவள் என் நாத்தனார். ஆஸ்பத்திரியில் கெஞ்சிக் கூத்தாடி அவளைச் சேர்த்துவிட்டதும் நான்தான். ஷிப்ட் மாற்றிக்கொள்வதை நாங்கள் டூட்டிப் புத்தகத்தில் எழுதுவதில்லை, வீட்டுக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்வோம். அதனால் புத்தகத்தில் என் பெயர்தான். ஆனால் நோயாளிக்கு எழுதிய டிஸ்கில் எடுத்தவர் பெயர் இருக்கும், அது டாக்டரிடமிருந்து திரும்பி ஸ்கேன் அறைக்கே வந்திருந்தது. போதாததற்கு, "நானே ஒத்துக்கறேன் அண்ணி" என்று வெள்ளிக்கிழமை என் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தாள். நானும் நிம்மதியாகத்தான் வந்தேன்.

"டிஸ்கைப் போடுங்கம்மா," என்றார் நிர்வாக அதிகாரி.

எங்கள் கிழட்டுக் கம்ப்யூட்டர் கனமான எதையும் தாங்காது. அதனால் அதில் சின்ன லினக்ஸ் இயங்குதளம் ஒன்று போட்டிருக்கிறோம், டிஸ்க் எழுத அது தாராளம். டிஸ்க் சுற்றியது, கோப்பு திறந்தது. எடுத்தவர் என்ற இடத்தில் என் பெயர்.

"உங்க பேர்தானே இருக்கு?"

நாத்தனாரைப் பார்த்தேன். அவள் தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை அவள் கேட்டது அப்போதுதான் உறைத்தது. "டிஸ்கை எப்படி காலி பண்றது அண்ணி?" தப்பு செய்தவள் இனியாவது தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும் என்று பக்கத்தில் உட்கார்த்திவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். வேகமாக அழித்தால் டிஸ்கின் பொருளடக்கம் மட்டும் போகும், முழுசாக அழித்தால் எல்லாமே போகும், ஆனால் இரண்டுமே திரும்ப எழுதக்கூடிய டிஸ்கில்தான் நடக்கும் என்று. சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான். நோயாளி டிஸ்க் ஒரே தடவை எழுதக்கூடியது. அதை அழிக்க முடியாது.

டிஸ்கை வெளியே எடுத்து வெளிச்சத்தில் திருப்பினேன். எழுதிய பகுதியில் ஒரு வளையம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு, நடுவே மெல்லிய கோடு.

எழுதி முடித்ததும் டிஸ்கை மூடிவிடு, மறுபடி யாரும் சேர்த்து எழுத முடியாது என்று அவளிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். அவள் ஒரு நாளும் மூடமாட்டாள். வியாழக்கிழமையும் மூடவில்லை. அழிக்க முடியாமல் போகவே, அதே டிஸ்கில் என் பெயர் போட்ட கோப்பை மேலே சேர்த்து எழுதிவிட்டாள். சாதாரணமாகத் திறந்தால் புதியதுதான் தெரியும். பழையது அடியிலேயே கிடக்கும்.

டிஸ்கை மறுபடி போட்டு, முதல் தடவை எழுதியதை மட்டும் திறக்கும்படி கட்டளை அடித்தேன். திரை ஒரு நொடி யோசித்தது. அதே முட்டி, அதே படம். எடுத்தவர் என்ற இடத்தில் நாத்தனார் பெயர்.

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "ரெண்டாவது எப்ப எழுதியிருக்கு?"

"ஞாயித்துக்கிழமை, சாயங்காலம் ஆறு இருபது சார்."

"அன்னிக்கு இந்த ரூம் பூட்டியிருக்குமே."

ஆமாம். சாவி என் கைப்பையில்.

நாத்தனார் அழ ஆரம்பித்தாள். "அண்ணனை ஒண்ணும் சொல்லாதீங்க அண்ணி. நான்தான் அழுது கேட்டேன்."

அவள் அண்ணன் பேச்சை நான் எடுக்கவே இல்லை.

ஞாயிறு மாலை எனக்குத் தாடை வீங்கியிருந்தது. என் வீட்டுக்காரர் மாத்திரை கொடுத்து, போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டு, "நீ தூங்கு, எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றார். இப்படி ஒரு மனுஷன் யாருக்குக் கிடைப்பான் என்று உருகிப்போய்த் தூங்கினேன். தங்கை பயத்தில் செய்தாள், அதையாவது ஒரு நாள் மன்னித்துவிடலாம். இவர் யோசித்து, என்னைத் தூங்கவைத்துச் சாவியை எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

"ஞாயித்துக்கிழமை சாவி யார்கிட்டம்மா இருந்துச்சு?" அதிகாரி தயங்கித்தான் கேட்டார். "வீட்டு விஷயமா இருந்தா நீங்களே பேசி..."

நாத்தனார் வேண்டாம் என்று தலையை ஆட்டி ஆட்டிக் கெஞ்சினாள்.

"என் வீட்டுக்காரர்கிட்ட சார்," என்றேன். "புத்தகத்துலயே எழுதிக்கோங்க."